6061 அலுமினியத்துக்கு ஹீட் ட்ரீட்மெண்ட்: பலம் ஏறணும், தட்டு கோணக் கூடாது

வெல்டிங்கில் பலமிழந்த 6061 தட்டை மறுபடி டி6 நிலைக்கு (ஹீட் ட்ரீட்மெண்டில் கிடைக்கும் முழுப் பலத்துக்கு) கொண்டுவர மூன்றே படிகள். ஃபர்னஸ் இருக்கிறது, ஓட்டத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேரே போகிறேன்.

முதல் படி: 530 டிகிரி செல்சியஸ். 6 மி.மீ. தட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். கலவையிலுள்ள மெக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைய வேண்டும், அவ்வளவுதான். 580 தாண்டினால் உருக ஆரம்பிக்கும். ஃபர்னஸ் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) ஜாபை, அதாவது தட்டை, தொட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டாவது: தண்ணீரில் முக்குவது. எல்லாத் தொல்லையும் இங்கேதான். கதவு திறந்து 15 விநாடிக்குள் ஜாப் முழுக்க முங்க வேண்டும். மெல்லிய தகடென்றால் இன்னும் சீக்கிரம். தாமதித்தால் கரைந்ததெல்லாம் வழியிலேயே திரண்டுவிடும், பிறகு பலம் ஏறாது. விளிம்பு முதலில் இறங்கும்படி செங்குத்தாக விடுங்கள். படுக்கவைத்துப் போட்டால் அப்பளம்தான்.

சரி, நேராகவே வெளியே வந்தது. ஆனால் தட்டின் மேல்தோல் முதலில் குளிர்ந்து இறுகிவிட்டது. நடுப்பகுதி பிறகு சுருங்கப் பார்த்தபோது தோல் விடவில்லை. அதனால் தோலில் அமுக்கம், நடுவில் இழுவை என்று உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் 2 மி.மீ. மில்லிங் செய்து வைஸைத் தளர்த்திப் பாருங்கள்: வெட்டிய பக்கம் குழிந்து, முனைகள் மேலே தூக்கும். அதனால் இரு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். தடித்த ஜாபுக்கு 60 டிகிரி வெந்நீர் இந்த இறுக்கத்தைக் குறைக்கும். 6061 வெந்நீரைத் தாங்கும், இன்னொரு அலுமினியக் கலவையான 7075 ரோசக்காரன், பலத்தில் கழித்துக்கொள்வான்.

தட்டி நேராக்குவதானால் தண்ணீரில் முக்கி எடுத்த கையோடு செய்யுங்கள், அப்போதுதான் மெத்தென்று இருக்கும். உடனே முடியாதா? அதுவரை மெத்தென்றே இருக்க ஃப்ரீசரில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது: ஏஜிங், அதாவது மிதமான சூட்டில் வைத்து, கரைந்ததை நுண்படிவுகளாகத் திரளவிட்டுப் பலம் ஏற்றுவது. 175 டிகிரி, 8 மணி நேரம். இதிலேயே இறுக்கம் போய்விடும் என்பார்கள், கொஞ்சம்தான் தளரும். முழுக்கப் போக்க 350, 400 என்று ஏற்றினால் பலமும் கூடவே போகும்: டி6-இல் சுமார் 275 மெகாபாஸ்கல் ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்), அனீல் ஆனால், அதாவது முழுக்க மெத்தென்றாகிவிட்டால், 55 தான். அதனால்தான் ஆலைகளே தண்ணீரில் முக்கி எடுத்தபின் தட்டை 1.5 முதல் 3 சதவீதம் இழுத்து, டி651 என்று விற்கின்றன. புதிதாக வாங்குவதானால் என் ஓட்டு அதற்கே.

பின்சேர்க்கை: இழுத்தால் பலம் குறையாதா என்று கேட்டிருந்தார்கள். 6061-இல் கவலைப்படும் அளவுக்கு இல்லை. செம்பு கலந்த 2219-இல் நேர்மாறு: ஏஜிங்குக்கு முன் சுமார் 7 சதவீதம் குளிர்வேலை (சூடேற்றாமலே உருமாற்றுவது) கொடுத்தால் ஈல்டு 290-இலிருந்து 390 மெகாபாஸ்கல் பக்கம் ஏறும். ஏஜிங்கின்போதே கிளாம்ப் போட்டு வளைத்து வைக்காதீர்கள். செம்புக் கலவையில் படிவுகள் அந்த அழுத்தத்துக்கேற்ப ஒரே திசையில் அணிவகுக்கும்; நீளவாக்கில் ஒரு பலம், குறுக்குவாக்கில் வேறு பலம் என்றாகிவிடும்.