கையால் செய்த கத்தியா? ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

பெங்களூருவில் கத்தி செய்து தருபவரிடம் போனால் டிசைனைக் காட்டித்தான் பேச ஆரம்பிப்பார், நீங்கள் முதலில் என்ன ஸ்டீல், எப்படிப் பதம் வைக்கிறார் (சூடாக்கி, குளிர்வித்து இரும்பை இறுக்குவது) என்று கேளுங்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டை என்றால் தப்பில்லை, நம்ம ஊர் அரிவாளுக்குக்கூட அதை எடுப்பதுண்டு. சமையலுக்கு ஈஎன்31 மாதிரி பேரிங் ஸ்டீல் (வண்டி, மெஷின் பேரிங் செய்யும் ரகம்) என்றால் மெல்லிய கூர் விளிம்பைத் தாங்கும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியதோடு விட்டால் கீழே விழுந்ததும் உடையும், எண்ணெயில் முக்கிய பிறகு 200 டிகிரி வாக்கில் திரும்பச் சூடுகாட்டியாக வேண்டும். இதற்கு மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

கையோடு ஒரு தடித்த கேரட் கொண்டு போங்கள் (சிரித்தால் சிரிக்கட்டும்). அவர் செய்த கத்தியால் நறுக்கும்போது பாதியிலேயே படக்கென்று பிளந்தால் அலகு தடிமன், எவ்வளவு கூராக இருந்தாலும் அது வெட்டவில்லை, ஆப்பு அடிக்கிறது. நல்ல கத்தி சத்தமில்லாமல் பலகை வரை இறங்கும்.

பிடி உங்கள் கைக்கு அளவெடுத்ததாக இருக்கட்டும், இடது கைக்காரர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் ஸ்டீல் என்றால் தக்காளி, எலுமிச்சை நறுக்கியதும் துடைத்து வைக்க வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் சிங்க்கில் ஊறப்போடும் பழக்கமா, பேசாமல் ஸ்டெயின்லெஸ்ஸில் கேளுங்கள்.