மீன் வயித்துல புழு இருந்தா என்ன பண்ணணும், எதை நம்பக் கூடாது

போன மாசம் வாளை மீன் வாங்கிட்டு வந்து வீட்லயே வெட்டிட்டு இருந்தேன், வயித்தைக் கீறினா ஈரலுக்கு மேல வெள்ளையா, துவரம்பருப்பு சைஸ்ல சின்னச் சின்ன வட்டம், உத்துப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒரு குட்டி கொசுவத்திச் சுருள், ஊசி முனையால ஒண்ணை நிமிர்த்தினா ரெண்டு சென்டிமீட்டருக்கு மெதுவா நெளியுது. அம்மா மொத்த மீனையும் குப்பைல போடச் சொன்னாங்க. போடலை, குழம்பு வச்சு சாப்பிட்டோம். ஏன் தைரியமா சாப்பிட்டோம், எந்த மாதிரி சமைச்சா சாப்பிட்டிருக்கவே மாட்டேன்னு சொல்றேன்.

இந்தச் சுருள் பார்ட்டி பேரு அனிசாகிஸ். திமிங்கலம், டால்பின் வயித்துல குடும்பம் நடத்துற புழு, முட்டை கடலுக்கு வரும், அதை இறால் மாதிரி குட்டி ஜந்துக்கள் தின்னும், அதை மீனும் கணவாயும் தின்னும். மனுஷன் இதுல வழிதவறிப் போன வீடு, நம்ம உள்ள அது பெருசாகி முட்டை போட முடியாது. ஆனா சாகறதுக்கு முன்னாடி வயித்துச் சுவத்துல தலையைக் குத்தி நுழையப் பார்க்கும், பிரச்சனையே அதுதான். இன்னொண்ணு, புழு இருந்தா மீன் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, துள்ளுற மீன்லயும் இருக்கும்.

சரி, மீன் கைக்கு வந்ததும் முதல் வேலை குடலை எடுக்கறது. உயிரோட இருக்கிற மீன்ல பெரும்பாலும் குடல், ஈரல் பக்கம்தான் சுருண்டு கிடக்கும், மீன் செத்தப்புறம் அதுல சிலது சதைக்குள்ள நகர ஆரம்பிக்கும். அதனால முழு மீனா ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்கு வெட்டிக்கலாம்னு விடாதீங்க, மார்க்கெட்லயே வெட்டுற அக்காகிட்ட குடலை எடுத்துட சொல்லுங்க. வயித்தை ஒட்டின மெல்லிசு சதைலதான் அதிகம் ஒளிஞ்சிருக்கும், அதைத் தூக்கிப் பிடிச்சு பின்னாடி போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, நிழல் மாதிரி தெரியும். தெரியறதை கத்தி முனையால எடுத்துடலாம், ஆனா கனமான துண்டுக்குள்ள இருக்கறது இப்படி மாட்டாது, அதனால பார்த்தாச்சுன்னு பச்சையா சாப்பிடற முடிவுக்கு போகாதீங்க.

(களவா சினைக்குள்ள சிவப்பு நூல் மாதிரி நீளமா வருமே, அது வேற, ஃபிலோமெட்ரா. பாக்கத்தான் பயங்கரம், நம்ம வயித்துல பிழைக்கிற ஜாதி இல்ல. எடுத்துப் போட்டுட்டு போய்ட்டே இருங்க.)

அடுத்தது தீ. மீனோட நடு சதை 63 டிகிரி தொட்டா புழு காலி. கொதிக்கிற குழம்புல போட்ட மீனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. கோட்டை விடற இடம் தவா ஃப்ரைதான், ரெண்டு விரல் தடிமனுக்கு வஞ்சிரம் வெட்டி, தீயை ஏத்தி வச்சு, மசாலா கருகி வெளிய சூப்பரா இருக்கும், முள்ளுக்கு பக்கத்துல இன்னும் கண்ணாடி மாதிரி பளபளன்னு பச்சையா இருக்கும். சதை முழுக்க வெள்ளையாகி, கிள்ளினா இதழ் இதழா பிரியணும், அதுதான் கணக்கு. மைக்ரோவேவ்ல சூடு ஒரே சீரா ஏறாது, அங்க இன்னும் கவனம்.

பச்சையா சாப்பிடறவங்களுக்கு ஃப்ரீசர்தான் ஒரே வழி. நெதர்லாந்துல லேசா உப்புல ஊறின ஹெரிங் மீனை வாலைப் பிடிச்சு அப்படியே வாய்ல இறக்குவாங்க, அங்கதான் இந்த வியாதியே முதல்ல பிடிபட்டுச்சு, 1968ல ஹெரிங்கை ஃப்ரீஸ் பண்ணித்தான் விக்கணும்னு சட்டம் போட்டாங்க, அதோட கேஸ் அடங்கிடுச்சு. அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கணக்கு மைனஸ் 20 டிகிரில 7 நாள், இல்லன்னா மைனஸ் 35ல கல்லு மாதிரி ஆனப்புறம் 15 மணி நேரம். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜோட மேல் டப்பா அந்த மைனஸ் 20க்கு போகும்னு நம்பி இறங்காதீங்க, ஐஸ்கிரீம் உருகாம இருக்கறது ஒரு அளவே இல்ல. சால்மன்ல மட்டும் ஒரு சலுகை, பண்ணைல பெல்லட் தீனி போட்டு வளர்த்ததுன்னா புழு ரொம்ப அபூர்வம், ஆனா கடல்ல பிடிச்ச சால்மன்னா ஃப்ரீஸ் பண்ணாம பச்சையா தொடாதீங்க.

இப்ப என்னை கடுப்பாக்குற விஷயத்துக்கு வர்றேன், எலுமிச்சை பிழிஞ்சு அரை மணி நேரம் ஊற வச்சா மீன் வெந்துடும்னு ரீல்ஸ் போடறாங்க. வேகலை, புளிப்புல சதை வெள்ளையாகுது அவ்ளோதான். அனிசாகிஸ் வாழ்றதே வயித்து அமிலத்துலதான், அதுக்கு உங்க எலுமிச்சை என்ன பண்ணும்? ஸ்பெயின்ல நெத்திலி வகை மீனை வினிகர்ல ஊறப்போட்டு சாப்பிட்டு நிறைய பேர் ஆஸ்பத்திரிக்கு போனாங்க, 2006ல அங்கயும் ஃப்ரீஸ் பண்றதை கட்டாயமாக்கினாங்க. வசாபி, மிளகாய், மீனுக்கு ஜோடியா ஒரு பெக், எதுவும் உதவாது.

பச்சை மீன் சாப்பிட்டு சில மணி நேரத்துல மேல் வயிறு பிடுங்கி எடுக்குது, வாந்தி வருதுன்னா மெடிக்கல் ஷாப்ல பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு படுக்காதீங்க. ஆஸ்பத்திரி போங்க, எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டு புழுவைக் கவ்வி எடுத்துடுவாங்க, எடுத்ததும் வலி பெரும்பாலும் சட்டுனு குறைஞ்சிடும். சில நேரம் புழு குடலுக்கு இறங்கி ரெண்டு மூணு நாள் கழிச்சு வலிக்கும், அது அப்பெண்டிக்ஸ் மாதிரியே இருக்கும், அதனால டாக்டர் கேக்காட்டியும் பச்சை மீன் சாப்பிட்டதை முதல் வார்த்தையா சொல்லிடுங்க.

கடைசியா ஒண்ணு, சிலருக்கு இந்தப் புழுவே அலர்ஜி. அவங்களுக்கு வேக வச்சாலும் ஃப்ரீஸ் பண்ணாலும் பத்தாது, செத்த புழுவோட புரதமே உடம்பெல்லாம் தடிப்பு கிளப்பும், மூச்சு முட்டற அளவுக்கும் போகலாம், அப்படி ஆனா வீட்டு வைத்தியம் பாக்காம உடனே எமர்ஜென்சிக்கு ஓடணும். ஒரு தடவை மீன் ஒத்துக்குது, இன்னொரு தடவை அதே மீன் அரிப்பு குடுக்குதுன்னா புழுவாவும் இருக்கலாம், அலர்ஜி டாக்டர்கிட்ட அனிசாகிஸ்னு பேர் சொல்லியே கேளுங்க. எங்க வீட்ல அப்படி யாராவது இருந்திருந்தா அன்னைக்கு அந்த வாளை அம்மா சொன்ன மாதிரி குப்பைக்குத்தான் போயிருக்கும்.