ஊர் நூலகத்தின் வரலாற்றை எழுத: கல்வெட்டை விடுங்கள், சேர்க்கைப் பதிவேட்டைத் திறங்கள்

ஊர்க் கிளை நூலகத்தின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் வாசலில் பதித்த கல்வெட்டைப் படமெடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. கல்வெட்டு சொல்வது கட்டடம் திறந்த நாளை மட்டும். அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே அதே நூலகம் ஒரு வாடகை வீட்டிலோ பேரூராட்சி அலுவலகத்தின் ஓர் அறையிலோ நடந்திருக்கும். அதற்கும் முன்னால் ஊர்ச் சங்கமோ கட்சிக்காரர்களோ நடத்திய படிப்பகம் ஒன்று இருந்திருக்கும்.

அதனால் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரிக்கு இடம் விடுங்கள்: படிப்பகம் தொடங்கிய நாள், மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கிளை நூலகமான நாள், இன்றைய கட்டடத்துக்குக் குடிவந்த நாள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும். இரண்டாவது வரிக்குச் சட்டமே ஓர் எல்லை போட்டிருக்கிறது. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்டத்துக்கொரு நூலக ஆணைக்குழுவும், வீட்டுவரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியும் அந்தச் சட்டத்தால் வந்தவை. “எங்கள் கிளை நூலகம் 1938இல் தொடங்கியது” என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை; படிப்பகத்தையோ நகராட்சி வாசகசாலையையோ சொல்கிறார். அதை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பதிவேடு. நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு புத்தகமும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி பெறுகிறது: சேர்க்கை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை, வந்த வழி, கடைசியில் குறிப்பு. ஊரில் வேறு எந்த ஆவணமும் இவ்வளவு ஒழுங்காக நாள்வாரியாக எழுதப்பட்டிருக்காது. ஆனால் இடநெருக்கடி வரும்போது முதலில் மூலைக்குப் போவதும் இதுதான். ஆகவே, வேறு எதைத் தேடுவதற்கு முன்பும் இதைப் படமெடுத்துவிடுங்கள்.

நூலகரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நிறுத்தாமல், மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுமதி வாங்குவது நல்லது. நூலகர் மாறினாலும் அந்தக் கடிதம் பேசும். கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மற்ற நாள்களிலும் காலையில் செய்தித்தாள் வாசிக்க வருபவர்கள் கலைந்த பிறகு போங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மேசையைப் போட்டு, கைப்பேசியைப் பதிவேட்டுக்கு நேர் மேலே பிடியுங்கள். பிளாஷ் வேண்டாம், பழைய மை வெளிறித் தெரியும். தைத்த முதுகை அழுத்தி விரித்தால் நூல் அறுந்துவிடும், அட்டைக்கு அடியில் மடித்த துண்டை வையுங்கள். ஒருவர் பக்கம் புரட்ட ஒருவர் படமெடுத்தால் 200 பக்கத்தை இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். பென்சில் தவிர எதையும் மேசைமேல் வைக்காதீர்கள்.

படங்களிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது ஓர் எளிய அட்டவணை. ஒவ்வொரு மார்ச் 31க்கும் முந்தைய கடைசிச் சேர்க்கை எண் என்ன? அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கழித்தால் அந்த ஆண்டில் வந்த புத்தகங்கள் தெரியும். எண் துள்ளிய ஆண்டிலும், ஏறாமல் நின்ற ஆண்டிலும்தான் கதை இருக்கிறது. துள்ளலுக்குக் காரணம் ஒருவர் தம் வீட்டுப் புத்தகங்களை மொத்தமாகக் கொடுத்ததாக இருக்கலாம். ‘வந்த வழி’ கட்டம் அதைச் சொல்லிவிடும். தேக்கம் என்றால் நூலக வரி வந்து சேராத காலமா, நிரந்தர நூலகர் இல்லாமல் பொறுப்பு நூலகர் மட்டும் இருந்த காலமா என்று தேடுங்கள்.

இங்கே வழக்கமாக நேரும் பிழைகள் மூன்று. கடைசிச் சேர்க்கை எண்ணையே இன்றைய நூல் இருப்பு என்று எழுதிவிடுவது ஒன்று. தொலைந்தவை, கிழிந்து கழித்தவை எல்லாம் அந்த எண்ணுக்குள்தான் இருக்கின்றன. இருப்பு சரிபார்ப்பு அறிக்கையே உண்மை இருப்பைச் சொல்லும். எண் வரிசை நடுவில் மறுபடி 1இலிருந்து தொடங்கியதைக் கவனிக்காமல் போவது இன்னொன்று. மூன்றாவது நுட்பமானது: பழைய பதிவேடு நைந்துபோய், யாரோ ஒருவர் புதியதில் படியெடுத்திருப்பார். நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே கையெழுத்திலும் ஒரே மையிலும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பதிவு தேதிக்குப் பிறகு அச்சான புத்தகம் அந்த வரிசையில் இருந்தால் அது படிதான். அப்போது அலமாரியில் அந்தப் புத்தகத்தையே எடுத்து, உள்ளே முத்திரையையும் எண்ணையும் பாருங்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்தால் பின்னட்டைப் பக்கத்துத் தேதித் தாளையும், அதாவது இரவல் தரும்போது தேதி முத்திரை குத்தும் தாளையும் பாருங்கள். ஊர் என்ன படித்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. நாற்பது தேதி முத்திரைகள் நெருக்கிக் குத்திய நாவலும், ஒரு முத்திரைகூட இல்லாத தொகுதியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பத்து அலமாரிகளில் ஒவ்வொன்றிலும் ஐந்து புத்தகம் எடுத்து எண்ணினாலே ஒரு பத்தி எழுதலாம்.

தேதி இல்லாத தாள்கள் நிறைய அகப்படும். அவற்றைக் காலத்தில் நிறுத்தச் சில அடையாளங்கள் உதவும். விலை ரூபாய், அணா, பை என்று இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘ந.பை.’ என்று நயா பைசா இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. முத்திரையில் சென்னை மாநிலம் என்று இருந்தால் மாநிலம் அதிகாரபூர்வமாகத் தமிழ்நாடு ஆன 1969 ஜனவரிக்கு முன் செய்த முத்திரை. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தைய தாள். லை, ணை போன்றவை பழைய கொம்பு வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் பெயர்ப்பலகை எழுதுபவர்கள் பழைய வடிவத்தைப் பல ஆண்டுகள் விடவில்லை. அதனால் இதை மட்டும் வைத்து ஆண்டு குறிக்காதீர்கள். பழைய முத்திரையும் பழைய படிவமும் தீரும் வரை பயன்படும் என்பதால், இரண்டு அடையாளங்களாவது ஒத்துப்போக வேண்டும்.

மாவட்டப் பிரிவினையை மறந்தவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். திருவாரூரை எடுத்துக்கொள்ளுங்கள்: 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997 முதல் தனி மாவட்டம். அங்கே 1960களின் கடிதப் போக்குவரத்தைத் தேடுபவர் முதலில் தஞ்சாவூரில்தான் கேட்க வேண்டும். உங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று எழுதிக்கொண்டு பிறகு பேருந்து ஏறுங்கள்.

அலுவலகத்தில் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பிரிவு 6(1)இன்படி பொதுத் தகவல் அலுவலருக்கு மனு; கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் பிரிவு 19(1)இன்கீழ் முதல் மேல்முறையீடு. “நூலகத்தின் வரலாற்றைத் தெரிவிக்கவும்” என்று கேட்டால் “தகவல் இல்லை” என்று ஒரு வரி வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கிளை தொடங்க அனுமதித்த ஆணையின் நகல், கட்டட வாடகை ஒப்பந்தத்தின் நகல், நிலம் ஒப்படைத்த தீர்மானத்தின் நகல். கடைசியாகச் சொன்னது பேரூராட்சித் தீர்மானப் புத்தகத்தில் இருக்கும்; அதற்கு மனு பேரூராட்சிக்குத் தனியாகப் போக வேண்டும்.

பேட்டிகளைக் கடைசியில் வையுங்கள். அட்டவணையோடு போனால்தான் நல்ல கேள்வி கேட்க முடியும். ஓய்வுபெற்ற நூலகர், செய்தித்தாள் போட்டவர், வாடகைக்கு வீடு விட்ட குடும்பம், இவர்களே முக்கியம். “எந்த ஆண்டு?” என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. “தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா?”, “உங்க மூத்த பொண்ணு அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தாளா?” என்று கேளுங்கள். அந்தப் புயல் 1964 டிசம்பர். ஆண்டு தானாக நெருங்கி வரும். பெண்கள் எங்கே உட்கார்ந்து படித்தார்கள், யார் உள்ளே வரத் தயங்கினார்கள் என்பதையும் கேளுங்கள். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

எழுதும்போது ஆவணம் சொன்னதையும் ஆள் சொன்னதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். உறுப்பினர் பதிவேட்டில் உள்ள முகவரிகளையும், யார் எந்தப் புத்தகம் எடுத்தார் என்பதையும் அச்சில் போடக்கூடாது. நூலகத்துக்கு நன்கொடை தந்த புரவலர்களின் பலகையில் இருக்கும் பெயர்கள் பொதுவில் உள்ளவை; அவற்றை எழுத்து மாறாமல் படியெடுங்கள்.

முதல் படியை வரைவு என்று குறித்து, நூலகத்திலேயே செய்தித்தாள் மேசையில் ஒரு மாதம் பென்சிலோடு வையுங்கள். திருத்தம் எழுத ஒவ்வொரு தாளிலும் இடப்புறம் நான்கு விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும்.