தட்டை மாற்றும் முன் மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

சர்க்கரை கிடையாது, எண்ணெய் கிடையாது, விடிந்ததும் ஓட்டம், இரவுக்கு வெறும் பழம். உணவுமுறையை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு திங்கட்கிழமை தொடங்கி வியாழனுக்குள் பசியிடம் தோற்றுவிடுகிறார்கள். பிறகு மனஉறுதி இல்லை என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் பத்துப் பழக்கங்களைப் புரட்டிப்போட்டால் யாருக்கும் இதுதான் நடக்கும்.

எதையும் மாற்றாமல் முதலில் மூன்று நாள் குறித்து வையுங்கள். இரண்டு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் இருக்கட்டும். நேரம், என்ன சாப்பிட்டீர்கள், ஏறத்தாழ எவ்வளவு, அப்போது பசித்ததா இல்லையா என்ற நான்கும் போதும். தேநீரில் போட்ட சர்க்கரை, நடந்தபடி வாயில் போட்ட ஒரு பிடி நொறுக்குத்தீனி எல்லாம் கணக்கில் வர வேண்டும். மூன்றாம் நாள் இரவு படித்துப் பார்த்தால் காய்கறியே இல்லாத வேளைகளும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் வயிறு காய்ந்த இடைவெளிகளும் தானாகக் கண்ணில் படும். இரவில் அளவு மீறுகிறவர்களின் குறிப்பில் பகல் உணவு பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும்.

அடுத்து, குறைப்பதற்கு முன் சேர்க்க வேண்டும். வரிசை முக்கியம்: வயிறு நிறைந்தவருக்கு விடுவது எளிது. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம். ஒரு பங்கு 80 கிராம் என்று பிரித்தால் ஐந்து பங்கு. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது. அது தானியத்தின் பக்கம்.

புரதம், நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 கிராம், 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறு ஏழு கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம். எட்டாத அளவொன்றும் இல்லை. ஆனால் முழுவதையும் இரவு உணவில் குவித்துவிட்டுக் காலையில் வெறும் மாவுச்சத்தோடு கிளம்பினால் பதினோரு மணிக்கே கை பிஸ்கட்டைத் தேடும். வேளைக்குப் பதினைந்து கிராமாவது வருமாறு பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நார்ச்சத்து பெரியவர்களுக்கு நாளுக்கு 25 கிராமாவது வேண்டும். பலரும் இதை ஒரே நாளில் இரட்டிப்பாக்கி, வயிறு உப்பி, ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைப்பதால் வரும் வாயு அது. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்து.

இனி குறைப்பது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். யாரும் உப்பை எடைபோட்டுச் சாப்பிடப் போவதில்லை. பாக்கெட்டில் பிரித்த தேதியை எழுதி வையுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாளாவது வர வேண்டும். வெளியில் வாங்கும் தின்பண்டங்களில் இருக்கும் உப்பு தனி என்பதால் அதைவிட நீண்டு வந்தால்தான் நல்லது. எண்ணெய்ப் புட்டியிலும் இப்படியே தேதி எழுதுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. புட்டியைச் சாய்த்து ஊற்றுகிற கைக்கு அது தெரியாது. கரண்டியால் அளந்து விடுவதே பாதி வேலையை முடித்துவிடும்.

பாக்கெட் உணவின் பின்பக்கத்தில் உப்புக்குப் பதில் சோடியம் என்று போட்டிருந்தால் அதை 2.5 ஆல் பெருக்குங்கள்: 800 மில்லிகிராம் சோடியம் என்பது 2 கிராம் உப்பு. அந்த அளவு 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பாருங்கள். ஏமாறுவது பெரும்பாலும் அங்கேதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஆபத்தாகலாம்.

சேர்க்கும் சர்க்கரை, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராமுக்குள். 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது. ஒரு தேக்கரண்டி 4 கிராம். 330 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே பெரும்பாலும் 35 கிராம் வந்துவிடும். பழச்சாற்றின் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும், முழுப்பழத்தின் சர்க்கரை சேராது. தேநீரில் வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு அதிகம் முரண்டு பிடிக்காது. இன்சுலினோ சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தாங்களாகவே வெட்டக் கூடாது. ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

சாப்பாட்டை மட்டும் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தே இருந்தால் பலன் பாதிதான். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி. சாப்பிட்டதும் பத்து பதினைந்து நிமிடம் நடப்பது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும். தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பையும் கொழுப்பையும் தேடும் பசி. மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறத்தாழ பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும் என்பதால், தூக்கம் வராதவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது அந்தக் கோப்பையில்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். 2009இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள்; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு.

எடையை வாரம் ஒருமுறை, காலையில் கழிப்பறை சென்று வந்ததும், ஒன்றும் குடிக்கும் முன் பாருங்கள். தினமும் ஏறி நின்றால் முந்தைய நாள் உப்பும் நீரும் சேர்ந்து ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ காட்டும். அதைக் கொழுப்பு என்று நினைத்து மறுநாள் பட்டினி கிடப்பவர்கள்தான் மீண்டும் திங்கட்கிழமையிலிருந்து தொடங்குகிறார்கள்.