சிஓபிடி உள்ளவர்களுக்கு உள்மூச்சுத் தசைப் பயிற்சி: முதல்முறை செய்பவர்களுக்கான வழிமுறை

"மூணு பந்தும் மேலே போகுது சார், ஆனா மாடி ஏற முடியல." நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி உள்ளவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்காத பிசியோதெரபிஸ்ட் இருக்க மாட்டார். காரணம் எளிது. அந்த மூன்று பந்துக் கருவி மூச்சை உள்ளே இழுக்கும் தசையைப் பலப்படுத்த வந்ததே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் சுருங்கிக் கிடக்காமல் விரியத்தான் அதைக் கொடுப்பார்கள். மூச்சைச் சரக்கென்று வேகமாக இழுத்தாலே பந்து எழும்பிவிடும்.

நமக்கு வேண்டியது வேறு கருவி. கையடக்கமான குழாய், அதனுள் சுருள்வில் வைத்த ஒரு வால்வு. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு நீங்கள் இழுத்தால்தான் வால்வு திறக்கும், இல்லாவிட்டால் ஒரு துளி காற்றும் வராது. மருந்துக் கடையில் கேட்கும்போது "த்ரெஷோல்ட் ஐஎம்டி" என்று சொல்லுங்கள்; ஐஎம்டி என்றால் உள்மூச்சுத் தசைப் பயிற்சி. மூச்சுப் பயிற்சிக் கருவி என்று மட்டும் கேட்டால் பந்துதான் கைக்கு வரும்.

இந்தத் தசைக்குத் தனிப் பயிற்சி எதற்கு? சிஓபிடியில் உள்ளே போன காற்று முழுதாக வெளியேறுவதில்லை. நுரையீரல் உப்பிக்கொண்டே போகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்க வேண்டிய முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே தள்ளப்பட்டுத் தட்டையாகிறது. தட்டையான தசைக்கு இழுக்கும் வலு குறைவு. அதனால்தான் கழுத்தும் தோளும் சேர்ந்து வேலை செய்கின்றன. புகைபிடித்தவர்களுக்கு மட்டும் வரும் நோய் இது என்று நினைக்க வேண்டாம். விறகடுப்புப் புகையில் காலம் கழித்த பெண்களுக்கும் இதே கதைதான்.

தொடங்கும் முன்

நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த வரலாறு, ஸ்கேனில் பெரிய காற்றுப் பைகள், சளியில் ரத்தம், காதுச் சவ்வில் ஓட்டை, அண்மையில் நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை, கட்டுப்படாத இதயக் கோளாறு, எலும்புத் தேய்மானத்தால் விலா முறிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் நெஞ்சக நோய் மருத்துவரின் அனுமதி இல்லாமல் கருவியைத் தொடக் கூடாது. எதுவும் இல்லாவிட்டாலும் முதல் அளவை அவரோ பிசியோதெரபிஸ்ட்டோதான் வைத்துத் தர வேண்டும்.

படி 1: அளவு

உங்களால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் இழுக்க முடிகிறது என்று முதலில் அளப்பார்கள். 60 செ.மீ. நீர் அழுத்தத்துக்குக் கீழே இருந்தால் தசை பலவீனம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். பயிற்சி அதில் சுமார் 30 சதவீதத்தில் தொடங்கும். 60 இழுப்பவருக்குக் கருவியில் 18. பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் எண் உங்களுக்கு ஆகாது.

படி 2: உட்காருதல்

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். மருத்துவர் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் தந்திருந்தால், அதை எடுத்துக் கால் மணி நேரம் கழித்து உட்காருங்கள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூக்கில் கிளிப். வாய்க்குழலை உதடுகளால் இறுக்கமாகக் கவ்வுங்கள். பல்செட் தளர்ந்தவர்களுக்கு உதட்டோரம் காற்று கசியும். அப்படிக் கசிந்தால் பயிற்சி வீண்.

படி 3: இழுப்பதும் விடுவதும்

முதலில் மூச்சை வசதியாக வெளியே விடுங்கள். பிறகு பலமாக, வேகமாக உள்ளே இழுங்கள். வால்வு திறந்ததும் 'புஸ்' என்று காற்று பாயும் சத்தம் கேட்கும். சத்தம் இல்லையென்றால் அந்த இழுப்பு கணக்கில் சேராது. தோள்கள் காதுவரை ஏறுகின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். விலாவின் அடிப்பகுதி பக்கவாட்டில் விரிய வேண்டும்.

பலரும் சொதப்புவது இதற்கு அடுத்த இடத்தில். இழுத்த கையோடு அடுத்ததை இழுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே காற்று தேங்கும் நுரையீரலில் மேலும் காற்று அடைந்து இளைப்புதான் மிஞ்சும். உள்ளே இழுக்க ஓரிரு விநாடி, வெளியே விட நான்கைந்து விநாடி. வெளிமூச்சு தானாக அடங்கும்வரை பொறுங்கள். தலை கிறுகிறுத்தாலோ உதடு மரமரத்தாலோ நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். கருவியை எடுத்துவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

படி 4: எத்தனை

காலை 30 இழுப்பு, மாலை 30 இழுப்பு. முதல் வாரம் பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வெடுக்கலாம். வாரத்தில் ஐந்து நாளாவது செய்ய வேண்டும்.

படி 5: ஏற்றுதல்

பத்து மதிப்பெண்ணுக்கு உங்கள் சிரமம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 4 முதல் 6 என்றால் சரியான அளவு. 3-க்கு இறங்கிவிட்டால் கருவியில் அழுத்தத்தை மாற்றும் திருகைச் சற்றே ஏற்றுங்கள். பல வாரங்களில் அதிகபட்ச வலுவில் பாதியைத் தொட்டால் நல்ல முன்னேற்றம். வலு கூடுகிறதா என்று தெரிய எட்டு வாரமாவது வேண்டும். அதன்பின் முற்றிலும் விட்டுவிட்டால் பெற்றது கரைந்துவிடும்; வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தொடருங்கள்.

பயிற்சிக்குப் பின் வாய்க்குழலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

நடையை விடலாமா?

கூடாது. இந்தப் பயிற்சி மட்டும் தனியாகச் செய்தவர்களுக்குத் தசை வலு கூடுகிறது, இளைப்பும் குறைகிறது. ஆனால் நடை, கால் பயிற்சி எல்லாம் அடங்கிய முழு மறுவாழ்வுத் திட்டத்தோடு சேர்த்துச் செய்தபோது, நடக்கும் தூரத்தில் கூடுதல் பலன் பெரிதாகக் கிடைக்கவில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. என்னைக் கேட்டால், நடக்க முடிந்தவருக்கு நடைதான் முதல் மருந்து, கருவி இரண்டாவது. முழங்கால் வலியால் நடக்கவே முடியாதவர்களுக்கும், அளந்து பார்த்து மூச்சுத் தசை பலவீனம் உறுதியானவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

நெஞ்சு வலி, படபடப்பு, விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரில் 88 சதவீதத்துக்குக் கீழே இறக்கம்: உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். சளி நிறம் மாறி, இளைப்பு திடீரென்று கூடும் நாட்களிலும் கருவி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். தேறி வந்தபின் பழைய எண்ணுக்குத் தாவாமல், கருவியின் அளவை இரண்டு மூன்று எண் குறைத்துத் தொடங்குங்கள்.