மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பள்ளியில் சீண்டினால்

"நீ ஏன் திருப்பி அடிக்கல?" என்று கேட்காதீர்கள், அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது. சொன்னதை அதன் வார்த்தையிலேயே அன்றிரவே நோட்டில் எழுதுங்கள்: தேதி, இடம், யார், பார்த்தது யார். காது மெஷினைப் பிடுங்கி உடைத்திருந்தால் போட்டோ எடுங்கள்.

தலைமையாசிரியரிடம் வாயால் சொன்னது காற்றோடு போகும். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இடைவேளையில், கழிப்பறைப் பக்கம், பஸ்ஸில் யார் பார்த்துக்கொள்வார் என்று அதில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். உங்கள் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றுகிறோம் என்றால் ஒப்பாதீர்கள்.

பள்ளி அசையவில்லையா? பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்கும், அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் செய்யுங்கள். வேலூர்க்காரர்கள் திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு பிள்ளையின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலும் கொடுக்கலாம். பெரியவர் யாராவது பலர் முன் வேண்டுமென்றே இழிவுபடுத்தியிருந்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92 என்று எழுதுங்கள்: 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.