ஆனந்த குமாரசுவாமிக்கு 150: பிள்ளைகளைப் பேசவைப்பது எப்படி?

2027 ஆகஸ்ட் 22 கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் 150ஆவது பிறந்தநாள். இலங்கை, இந்தியக் கலைகளை ஆராய்ந்து எழுதிய அவர் கொழும்பில் பிறந்தவர். பொது நூலகத்துக்குப் போகும் நம் பிள்ளைகள் அவர் பெயரைத் தாங்கிய மாவத்தையைக் கடந்துதான் போகிறார்கள். அவர் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். வெள்ளவத்தையில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இது தீராத ஆதங்கம். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் அவரைப் பற்றி ஒரு பிள்ளையாவது நன்றாகப் பேச வேண்டும்.

முதலில் திகதியைச் சரிபாருங்கள். 1877இல் பிறந்தவருக்கு 150ஆவது ஆண்டு 2026 ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும்; 150 நிறைவது 2027இல். பதாகையை அச்சுக்குக் கொடுக்குமுன் எதைக் கொண்டாடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். 2027இல் பிறந்தநாள் வருவது பாடசாலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை. அவர் மறைந்தது 1947 செப்டெம்பர் 9. அதன் 80ஆவது நினைவுதினம் 2027இல் வியாழக்கிழமை வருகிறது. கூட்டத்தை அன்று வைக்கலாம், ஆனால் நினைவுதினம் என்றே அறிவியுங்கள். ஆறுமுக நாவலர் பெருமானுக்கு மறைந்த திகதியான டிசம்பர் 5 வேறு, நட்சத்திரப்படி வரும் கார்த்திகை மகக் குருபூசை வேறு என்று பிரித்தறிந்து நடத்துகிறவர்கள் நாம். அந்தக் கவனம் இங்கும் வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் முழு வாழ்க்கையையும் சொல்ல முயலாதீர்கள். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் எலிசபெத் என்ற ஆங்கிலப் பெண்மணி, இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார்: இவ்வளவு போதும். மேதை, ஞானி, பேரறிஞர் என்ற அடுக்குகளை வெட்டிவிடுங்கள். அவர் செய்த ஒரு காரியத்தைப் பிள்ளை கண்முன் நிறுத்தட்டும்.

நான் சொல்லச் சொல்வது இதைத்தான். அவர் படித்தது புவிச்சரிதவியலும் (நிலவியல்) தாவரவியலும் அல்லவா என்று சிலர் வியப்பார்கள்; ஆம், இலங்கைக் கனிம ஆய்வுப் பணிக்குப் பொறுப்பாக 1903 முதல் 1906 வரை இருந்தார். மாணிக்கம் அரிக்கும் மணலில் கிடைத்த, கையில் எடுத்தால் கனக்கும் கரிய சதுரக் கட்டிகளை ஆராய்ந்து 1904இல் விவரித்தார்; அது தோரியனைற்று என்ற புதிய கனிமம் என்று டன்ஸ்டன் என்ற இரசாயனவியலாளர் இனங்கண்டார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கண்ணில் பட்டது, கைவினைஞர்களின் தொழில் நசிந்துகொண்டிருந்த காட்சி. சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள். அதற்குப் படமெடுத்தவர் மனைவி எதெல். தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கைவினைஞருக்காக உழைத்ததைக் கொழும்புப் பிள்ளை ஒன்று மேடையில் சொல்லிக் கேட்பது எனக்கு மிகப் பெரிய விடயம்.

பேச்சு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுகளை எழுத்தால் எழுதிக் கொடுங்கள். ‘ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழு’ என்ற இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்குகிறார்கள். குறளோடு தொடங்கும் வழக்கத்தை இம்முறை விடுங்கள். அந்தக் கரிய கல்லிலிருந்து தொடங்கட்டும். பேசும் பிள்ளையின் கையில் ஒரு பன்பாயையோ அரக்கு வேலைப்பாட்டையோ கொடுத்தால் பின்வரிசையும் நிமிர்ந்து பார்க்கும்.

அந்த வார இறுதியில் தேசிய நூதனசாலைக்கு அழைத்துப் போங்கள். அதுவும் 1877இல்தான் திறக்கப்பட்டது. ஆளுக்கொரு பழைய வேலைப்பாட்டைத் தெரிந்து, அதன் கோலத்தைக் கொப்பியில் வரைந்து வரச் சொல்லுங்கள்.